மதகுக்கு அடியில் ஒரு வழி

2025 நவம்பர் இறுதியில் டிட்வா புயல் இலங்கையின் மலைநாட்டைச் சீரழித்துப் போன பின், உடைந்த வீதிகளை மீளக் கட்டும் வேலை பல இடங்களில் நடந்துவருகிறது. சரிந்த மண்ணை அள்ளுகிறார்கள், புதிய தடுப்புச் சுவர்களை எழுப்புகிறார்கள், வெள்ளம் அடித்துச் சென்ற மதகுகளுக்குப் பதிலாக வேறு மதகுகளை வைக்கிறார்கள். மண்சரிவில் உறவுகளையும் வீடுகளையும் இழந்தவர்கள் நிரந்தரமான ஓர் இருப்பிடத்துக்காகக் காத்திருக்கும் இந்த வேளையில், காட்டு விலங்குகள் வீதியைக் கடப்பதைப் பற்றி எழுதுவது தகுமா என்று வெகுநாள் தயங்கினேன். எழுதத் துணிந்ததற்குக் காரணம் கொங்கிறீற்தான். இன்று ஊற்றப்படுவது இன்னும் பல பத்தாண்டுகளுக்கு அந்த இடத்திலேயே இருக்கப்போகிறது. ஓர் ஓடையின் மேல் எத்தனை அகலத்தில், எத்தனை உயரத்தில் மதகு அமைகிறதோ, அந்த அளவிலேயே மலையிலிருந்து இறங்கும் வெள்ளத்தின் போக்கும், அதே ஓடையோரமாக இரவில் நடக்கும் மரை என்ற பெரிய மானின் போக்கும் தீர்மானமாகிவிடுகின்றன. கட்டி முடிந்த பிறகு அதைப் பற்றிப் பேசிப் பயனில்லை.

விலங்குகளின் வலசை என்றதும், ஆபிரிக்கப் புல்வெளிகளில் இலட்சக்கணக்கில் நகரும் மந்தைகளோ, வறட்சிக் காலத்தில் மின்னேரியாக் குளத்தைத் தேடிவரும் யானைக் கூட்டங்களோதான் பலருக்கும் நினைவுக்கு வரும். மலைநாட்டில் அத்தகைய பெருநடை எதுவும் இல்லை. இங்கு இருப்பவை கண்ணுக்குப் படாத சிறு நடைகள். ஏறக்குறைய இரண்டு வயதை எட்டிய ஆண் சிறுத்தை தாயின் எல்லையை விட்டு வெளியேறித் தனக்கென ஒரு காட்டைத் தேடிப் போகிறது. மரை பகலில் காட்டுக்குள் ஒதுங்கியிருந்துவிட்டு இருட்டியதும் புல்வெளிக்கு இறங்குகிறது. நீர்நாய் ஓடை வழியாகவே மேலும் கீழும் போய்வருகிறது. மீன்பிடிப் பூனை, முள்ளம்பன்றி, மரநாய், காட்டுப்பன்றி என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு தடம் இருக்கிறது. இவை எல்லாவற்றிலும் அந்த இளம் சிறுத்தையின் பயணத்தையே நான் முதன்மையாகக் கருதுகிறேன். ஹோர்ட்டன் சமவெளித் தேசியப் பூங்காவின் பரப்பு 3,160 ஹெக்டேயர். அதாவது ஏறத்தாழ 32 சதுரக் கிலோமீற்றர். அந்த அளவு நிலத்தில் மிகச் சில சிறுத்தைகளே வாழ முடியும். பிறக்கும் குட்டிகள் வளர்ந்து வெளியேறவும், வெளியிலிருந்து புதிய இரத்தம் உள்ளே வரவும் வழியில்லாவிட்டால், பூங்காவை எவ்வளவு கண்ணும் கருத்துமாகக் காத்தாலும் அதன் உள்ளிருக்கும் இனம் சில தலைமுறைகளில் நலிந்துவிடும்.

வானத்தில் வருபவை பற்றியும் ஒரு வார்த்தை சொல்லவேண்டும். ஆறுமணிக் குருவி ஒவ்வோர் ஆண்டும் இந்தியாவிலிருந்து வந்து நம் காடுகளில் தங்கிவிட்டுத் திரும்புகிறது. காஷ்மீரில் குஞ்சு பொரிக்கும் சிறிய ஈப்பிடிப்பான் ஒன்று நுவரெலியா நகரின் விக்டோரியா பூங்காவில் குளிர்காலத்தைக் கழிக்கிறது. அந்தப் பூங்காவைச் சுற்றிக் கடைகளும் பஸ்களும் நிறைந்திருக்கின்றன. சில ஏக்கர் மர நிழல்கூட ஓர் உயிருக்குத் தங்குமடமாகிறது என்பதற்கு அதைவிட வேறு சான்று வேண்டியதில்லை. சிறகு உள்ளவற்றுக்குத் துண்டு துண்டான காடு ஓரளவு போதும். கால் உள்ளவற்றுக்கு அந்தத் துண்டுகள் ஒன்றோடொன்று தொட்டுக்கொண்டிருக்க வேண்டும்.

அவை ஏன் இன்று தொடவில்லை என்பதற்கு நம் மலைகளின் வரலாற்றைத்தான் பார்க்கவேண்டும். 1830களிலிருந்து கோப்பிக்காகவும், இலைநோய் கோப்பியை அழித்த பின் தேயிலைக்காகவும், மலைச் சரிவுகளின் காடு வெட்டப்பட்டது. அதை வெட்டியதும் தோட்டத் தொழிலாளராக வந்த எங்கள் முன்னோரின் கைகள்தான். ஆணையும் ஆதாயமும் வேறு யாருடையவையோ. அந்தக் காலத்து மலைநாட்டில் யானைகள் இருந்தன. பதுளையில் அதிகாரியாக இருந்த மேஜர் தோமஸ் ரொஜர்ஸ் ஆயிரத்து நானூறுக்கும் மேற்பட்ட யானைகளைச் சுட்டதாகப் பதிவுகள் கூறுகின்றன. ஊவாவில் வீதிகள் அமைத்ததற்காகவும் பெயர் பெற்றிருந்த அவர், 1845இல் ஹப்புத்தளையில் மின்னல் தாக்கி இறந்தார். வீதியும் துப்பாக்கியும் இந்த மலைகளுக்குள் சேர்ந்தே நுழைந்தன என்பதை அவருடைய வாழ்க்கை எனக்கு உணர்த்துகிறது. ரயில் பாதை 1884இல் ஹற்றனையும் 1885இல் நானுஓயாவையும் 1924இல் பதுளையையும் எட்டியது. இதற்கிடையே, தாவரவியலாளர் ஜோசப் ஹூக்கரின் ஆலோசனைப்படி, 5,000 அடிக்கு மேலுள்ள காடுகளைத் தொடக்கூடாது என்று 1873இல் எடுக்கப்பட்ட முடிவு மட்டும் இல்லாதிருந்தால், இன்று நாம் பேசுவதற்குக் காடே மிஞ்சியிருக்காது.

ஆகவே மிஞ்சிய காடு இரண்டு இடங்களில் இருக்கிறது. ஒன்று, மலை முகடுகள். மற்றது, தேயிலை நட முடியாத அளவுக்குச் செங்குத்தான ஓடைப் பள்ளங்கள். மேற்கே சிவனொளிபாத மலையைச் சூழ்ந்த வனமும் கிழக்கே ஹோர்ட்டன் சமவெளியும் பொகவந்தலாவைக்கு மேலுள்ள முகட்டுக் காட்டாலும் அக்ரா-போபத்த வனத்தாலும் இன்றும் இணைந்திருக்கின்றன. சிவனொளிபாத வனமும் ஹோர்ட்டன் சமவெளியும் நக்கிள்ஸ் மலைத்தொடரும் சேர்ந்து 2010இல் உலக மரபுரிமையாக அறிவிக்கப்பட்டன. ஆனால் நக்கிள்ஸ் மகாவலிப் பள்ளத்தாக்குக்கு அப்பால் தனித்து நிற்கிறது. பீதுருதாலகாலை, கிக்கிலியாமன, ஹக்கல ஆகிய மலைகளின் காடுகள் தேயிலைக்கும் மரக்கறித் தோட்டங்களுக்கும் நகரத்துக்கும் நடுவே தீவுகளாகிவிட்டன. இந்தத் தீவுகளுக்கு இடையில் ஒரு சிறுத்தை போகவேண்டுமானால், ஓடைப் பள்ளம் வழியாக இறங்கி, ஆற்றோர மரங்களின் மறைவில் நடந்து, அடுத்த பள்ளம் வழியாக ஏறவேண்டும். திறந்த தேயிலை மலையின் நடுவே பகலில் அது போகாது. காசல்ரீ, மவுசாகலை நீர்த்தேக்கங்கள் 1960களில் கட்டப்பட்டபோது பள்ளத்தாக்கின் அடிப்பகுதியும் நீருக்குள் போய்விட்டது. அதனால் நீரின் விளிம்புக்கும் வீதிக்கும் இடையிலுள்ள ஒடுங்கிய பட்டியே பல இடங்களில் எஞ்சிய வழி.

நம் வீதிகளின் அமைப்பை இந்தக் கண்ணோடு பார்க்கவேண்டும். மலை வீதி சரிவின் நடுவில் வெட்டப்படுகிறது. மாலையில் மணிகளைக் கோப்பதுபோல் ஒவ்வோர் ஓடைப் பள்ளத்தையும் கோத்துக்கொண்டு போகிறது. பள்ளம் வரும் இடத்திலெல்லாம் ஒரு மதகோ பாலமோ இருக்கும். அதாவது, விலங்கின் தடமும் வீதியும் சந்திக்கும் புள்ளியைத் தேட நமக்குப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை. பெரும்பாலும் அது ஏற்கெனவே ஒரு மதகாக அங்கே இருக்கிறது. சிக்கல் என்னவென்றால், அந்த மதகு தண்ணீருக்காக மட்டும், அதுவும் சாதாரண மழைக்காலத் தண்ணீருக்காக மட்டும், கட்டப்பட்ட ஒரு குழாய். இரண்டு அடி, மூன்று அடி விட்டமுள்ள அந்த இருட்டுக் குழாய்க்குள் மரை நுழையாது, சிறுத்தையும் நுழையாது. அவை மேலே ஏறி வீதியைக் கடக்கப் பார்க்கின்றன. மேற்புறத்தில் செங்குத்தாக வெட்டிய மண்ணும் தடுப்புச் சுவரும் நிற்கின்றன. கீழ்ப்புறத்தில் கொங்கிறீற் கட்டு. வீதியோரமாக ஆழமான கான் (வடிகால்) ஓடுகிறது. சுவரைக் கண்டு திகைத்த விலங்கு வீதியின் நீளத்திலேயே ஓடும். வளைவில் வரும் லொறியின் விளக்கு கண்ணில் பட்டதும் அசையாமல் நின்றுவிடும். மூடுபனியில் சாரதிக்குச் சில மீற்றருக்கு அப்பால் எதுவும் தெரியாது. இதில் யாரையும் கொடியவராகக் காட்டத் தேவையில்லை. வீதி அப்படிக் கட்டப்பட்டிருக்கிறது.

சிறிய உயிர்களுக்குக் கானே எமனாகிறது. நேர்ச்சுவர் கொண்ட கொங்கிறீற் கானுக்குள் விழுந்த தவளை, ஓணான், ஆமை, முள்ளம்பன்றிக் குட்டி எதுவும் ஏறி வர முடியாமல், அடுத்த மழையில் அடித்துச் செல்லப்படுகிறது. ஹோர்ட்டன் சமவெளியில் பட்டிப்பொலவிலிருந்து ஒகியவை நோக்கிப் போகும் வீதியில், காலை வெயிலுக்காகத் தார் மீது வந்து கிடக்கும் ஓணான்கள் வாகனச் சக்கரங்களில் நசுங்குகின்றன. உலகில் வேறெங்கும் இல்லாத, மூக்கு நுனியில் கொம்புள்ள ஓணான் இனமொன்று வாழும் இடம் அது. அதே இடத்தில், உல்லாசப் பயணிகள் பாணும் பிஸ்கட்டும் கொடுத்துப் பழக்கிய மரைகள் வாகனங்களுக்கு அருகிலேயே நின்று இரந்து உண்ணும் நிலைக்கு வந்திருக்கின்றன. வாகனத்துக்கு அஞ்சாத மரை, வாகனத்தாலேயே சாகும். உணவு கொடுப்பவர்கள் அன்பினால்தான் கொடுக்கிறார்கள் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனாலும் அதைக் கண்டிப்பாக நிறுத்த வேண்டும்.

வெளிநாடுகளில் இந்தப் பிரச்சினையை எவ்வாறு அணுகியிருக்கிறார்கள் என்பதை நான் விரும்பிப் படித்துவருகிறேன். கனடாவின் பான்ஃப் தேசியப் பூங்காவை ஊடறுக்கும் நெடுஞ்சாலையில் 6 மேம்பாலங்களும் 38 கீழ்வழிகளும் விலங்குகளுக்காகக் கட்டப்பட்டு, இருபுறமும் வேலி போடப்பட்டது. விலங்குகள் வாகனங்களில் மோதுவது 80 சதவீதத்துக்கும் மேல் குறைந்தது. மான் வகைகளைத் தனியே எடுத்தால் 96 சதவீதத்துக்கும் மேல். அங்கே கிடைத்த பாடங்களில் இரண்டு நமக்கு முக்கியமானவை. முதலாவது, எல்லா விலங்கும் ஒரேவகைக் கடவையை விரும்புவதில்லை. சாம்பல்நிறக் கரடியும் ஓநாயும் திறந்த அகலமான பாலங்களைத் தேர்ந்தன; மலைச்சிங்கமும் கருங்கரடியும் ஒடுக்கமான, மறைவான கீழ்வழிகளை நாடின. இரண்டாவது, விலங்குகள் புதிய வழியைப் பழகுவதற்குச் சில ஆண்டுகள் எடுத்துக்கொண்டன. திறந்த மறுமாதம் எதுவும் வரவில்லை என்று சொல்லித் திட்டத்தைக் கைவிட்டிருந்தால் அந்த வெற்றியை அவர்கள் கண்டிருக்க மாட்டார்கள்.

கென்யாவில், கென்யா மலையின் காட்டையும் வடக்கேயுள்ள சமவெளியையும் இணைக்கும் 14 கிலோமீற்றர் நீளமான யானைத் தடத்தில், நான்யூக்கி–மேரு வீதிக்கு அடியில் 2011இல் ஒரு கீழ்வழி திறக்கப்பட்டது. சில நாட்களுக்குள்ளேயே ஒரு யானை அதன் வழியாக நடந்தது. இந்தியாவில் பெஞ்ச் புலிகள் காப்பகத்தின் ஊடாகப் போகும் 44ஆம் இலக்க நெடுஞ்சாலையைத் தூண்களில் உயர்த்தி, அடியில் ஒன்பது வழிகளை விட்டார்கள். 2019இல் அங்கு வைத்த கமராக்களில் 18 வகை விலங்குகள் பதிவாகின. புலிகள் மாத்திரம் 89 தடவை கடந்திருந்தன. பெரும் பூனையொன்று வீதிக்கு அடியில் போகுமா என்று கேட்பவர்களுக்கு அது போதிய பதில்.

ஆனால் எனக்கு மிக நெருக்கமாகத் தோன்றும் எடுத்துக்காட்டு வால்பாறை. தமிழ்நாட்டின் ஆனைமலையில், நம்முடையதைப் போன்ற தேயிலை மலைகளுக்கு நடுவே, நம்மைப் போலவே லயங்களில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) வாழும் தமிழ்த் தொழிலாளர்களுக்கு மத்தியில், துண்டு துண்டாக மழைக்காடு எஞ்சியிருக்கும் இடம் அது. அங்கு புதுத்தோட்டத்தில் சிங்கவால் குரங்குகள் வீதியில் இறங்கி அடிபடாமலிருக்க, மரத்துக்கு மரம் கன்வஸ் பட்டைகளால் பாலம் கட்டினார்கள். குரங்குகள் அதன் மேல் நடந்து வீதியைக் கடக்கின்றன. யானை நடமாட்டத்தைக் குறுஞ்செய்தி மூலமும் உள்ளூர்க் கேபிள் தொலைக்காட்சி மூலமும் குடியிருப்புகளுக்கு அறிவித்து, உயரமான இடங்களில் சிவப்பு விளக்கு எரியவிட்டு, மனித உயிரிழப்பைக் குறைத்தார்கள். கோடிகளில் செலவாகும் பாலங்கள் அல்ல இவை. தோட்டத்து மக்களைச் சேர்த்துக்கொண்டு, அவர்களுக்குத் தெரிந்ததைக் கேட்டு, அவர்களுடைய பாதுகாப்பையும் சேர்த்துச் செய்த வேலை. நமக்கும் இதில் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது. நம் மலையில் யானை இல்லை என்றே சொல்லலாம். ஆனால் மரத்தை விட்டு இறங்க அஞ்சும் மந்திகள் இருக்கின்றன, கிளைக்குக் கிளை பிடித்து மெல்ல ஊரும் மலைத் தேவாங்கு இருக்கிறது. அந்தத் தேவாங்கு அழிந்துவிட்டதென்றே பல்லாண்டுகள் நம்பப்பட்டு, 2002இல் மீண்டும் காணப்பட்டது. தாவத் தெரியாத அந்த உயிருக்கு, இருபுற மரங்களின் கிளைகளும் தொடாத வீதி ஒரு கடல். வீதியோரத்து மரங்களை மின்கம்பிக்காக வெட்டும்போது, சில இடங்களிலாவது மேலே கிளைகள் கைகோத்து நிற்க விடலாம். கம்பிக்கு உறை போடலாம். முடியாத இடத்தில் ஒரு கயிற்றுப் பாலமாவது கட்டலாம்.

மதகுக்கு வருகிறேன்; இதுவே என் வாதத்தின் மையம். அமெரிக்காவின் வெர்மொண்ட் மாநிலத்தில், கிரீன் மவுண்டன் தேசிய வனத்துக்குள் இருந்த சில வீதிக் கடவைகளை, மீன்கள் தடையின்றிப் போகவேண்டும் என்பதற்காக, ஓடையின் இயல்பான அகலத்துக்குப் பெரிதாக்கி, அடித்தளத்தில் கல்லும் மணலும் இயற்கையாகக் கிடக்கும்படி மாற்றிக் கட்டியிருந்தார்கள். 2011 ஆகஸ்டில் ஐரீன் புயல் அம்மாநிலத்தின் வீதிகளையும் மதகுகளையும் பெருமளவில் துடைத்தெறிந்தபோது, இந்த அகலக் கடவைகள் பெரிய சேதமின்றி நின்றன. காரணம் எளியது. மண்சரிவு வெள்ளத்தில் தண்ணீர் மட்டும் வருவதில்லை; பாறை, வேரோடு பெயர்ந்த மரம், தேயிலைச் செடி எல்லாம் சேர்ந்து வருகின்றன. மூன்றடிக் குழாய் நிமிடத்தில் அடைபடுகிறது. அடைபட்டதும் நீர் வீதிக்கு மேலாக ஏறி, மறுபுறச் சரிவை அரித்து, வீதியையே கொண்டுபோகிறது. டிட்வாவுக்குப் பின் நம் பகுதிகளில் பார்த்த உடைப்புகளில் எத்தனையோ இவ்வகையானவை. மரை தலை குனியாமல் நடக்கக்கூடிய அகலமும் உயரமும் உள்ள மதகு, அந்த மரத்தையும் பாறையையும் விழுங்கிக் கீழே விட்டுவிடக்கூடிய மதகு. கீழே இருக்கும் லயத்துக்கு இதனால் கிடைக்கும் பாதுகாப்பு, விலங்குக்குக் கிடைப்பதைவிடக் குறைந்ததல்ல.

அத்தகைய மதகில் செய்யவேண்டியவை அதிகமில்லை. சதுர வடிவப் பெட்டிமதகாக இருந்தால் ஒரு பக்கத்தில், வழமையான நீர்மட்டத்துக்கு மேலாக, ஈரமாகாத ஒரு திண்ணை வேண்டும். பெரும்பாலான தரை விலங்குகள் காலை நனைக்காமல் போகவே விரும்புகின்றன. உள்ளே நுழையுமுன் மறுமுனையின் வெளிச்சம் கண்ணுக்குத் தெரியவேண்டும். ஆகவே நீளத்துக்கு ஏற்றபடி வாயும் விரிந்திருக்க வேண்டும். இரண்டு வாய்களிலும் கொங்கிறீற் மேடை செங்குத்தாக முடியாமல் மண்ணோடு இசைந்து இறங்கவேண்டும். அருகே மானாப்புல்லும் பற்றையும் மரமும் வளர விடவேண்டும். வெட்டவெளியில் திறக்கும் வழியை எந்தக் காட்டு உயிரும் நம்பாது. பான்ஃபில் விலங்கைக் கடவைக்குத் திருப்ப நீண்ட வேலி தேவைப்பட்டது. மக்கள் நாள்தோறும் குறுக்கே நடந்து வேலைக்குப் போகும் நம் தோட்டங்களில் வேலி சாத்தியமில்லை. ஆனால் இங்கே தடுப்புச் சுவரே வேலியின் வேலையைச் செய்துகொண்டிருக்கிறது. விலங்கைத் தடுத்து ஓரமாக ஓடவைக்கும் அந்தச் சுவர், ஓடைப் பள்ளத்தில் ஒரு நல்ல மதகில் போய் முடிந்தால், இடையூறாக இருப்பதே வழிகாட்டியாக மாறிவிடும். பள்ளங்களுக்கு இடையிலுள்ள நீண்ட சுவர்களில், முழுக்கக் கொங்கிறீற்றாக எழுப்பாமல், சில இடங்களில் கம்பிவலைக்குள் அடைத்த கற்களைப் படிபடியாக அடுக்கினால் விலங்கு ஏறிப்போகும், நீரும் வடிந்து சுவர் நிலைக்கும். கானில் இடையிடையே ஒரு பக்கச் சுவரைச் சாய்வாக விட்டால் விழுந்த தவளை வெளியேறும். ஒப்பந்தக்காரருக்கு இவை கூடுதல் செலவு என்பது உண்மை. அடுத்த புயலில் அதே இடத்தை மறுபடியும் கட்டுவதை விட அது பெரிய செலவல்ல என்பதும் உண்மை.

கடவை எவ்வளவு நன்றாக இருந்தாலும், அதன் மறுமுனையில் சுருக்குக் கம்பி இருந்தால் அது கொலைக்களமாகிவிடும். 2020 மே மாத இறுதியில், நல்லதண்ணிப் பகுதியில் கருஞ்சிறுத்தையொன்று கம்பியில் சிக்கிப் பின்னர் உயிரிழந்த செய்தி நாடு முழுவதையும் வருத்தியது. அத்தகைய கருமை நிறம் இலங்கையில் மிக மிக அரிது. 1937ஆம் ஆண்டின் வனவிலங்கு மற்றும் தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டப்படி சிறுத்தையைக் கொல்வது கடும் குற்றம். கம்பி வைப்பவர்கள் பெரும்பாலும் சிறுத்தையை எண்ணி வைப்பதில்லை. காட்டுப்பன்றியை எண்ணி வைக்கிறார்கள். நாட்சம்பளத்தை நம்பியிருக்கும் குடும்பமொன்று லயத்துக்குப் பின்னால் போட்ட உருளைக்கிழங்கையும் போஞ்சியையும் ஒரே இரவில் பன்றி உழுதுவிட்டால், யாரும் நட்டஈடு கொடுக்க வருவதில்லை. அந்த இழப்பைக் கண்ணெடுத்தும் பாராமல், கம்பியை மட்டும் தேடிப் பிடிப்பது நீதியாகாது. சிறு மரக்கறிப் பாத்திகளுக்கு உறுதியான வேலி அமைக்க உதவி செய்வதும், விலங்குத் தடங்களில் கம்பிகளை அகற்றத் தோட்டத்து இளைஞர்களையே கூலியோடு அமர்த்துவதும் சேர்ந்து நடக்கவேண்டும்.

என் உறவினரான அக்கா ஒருவர், இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் கொழுந்து பறித்தவர், இதைப் பற்றிப் பேசியபோது சொன்னார்: "எங்களுக்கே ஏழு பேர்ச் காணிய குடுக்க மாட்டேங்கிறாங்க. நீங்க புலிக்குப் பாத கேக்குறீங்களே தம்பி." ஏழு பேர்ச் என்பது ஒரு வீட்டுக்கான சிறு துண்டு நிலம்; அவர் புலி என்றது சிறுத்தையை. அவருடைய கேள்வியை நான் ஒதுக்கவில்லை, ஒதுக்கவும் கூடாது. இருநூறு ஆண்டுகளாக இந்த மண்ணில் உழைத்தவர்களுக்குச் சொந்த நிலம் இல்லாத நாட்டில், சிறுத்தைக்கான நிலத்தைப் பேசுபவன் முதலில் அவர்களுடைய காணி உரிமையை ஏற்றுக்கொள்ள வேண்டும். ஆனால் இவ்விரண்டும் ஒரே நிலத்துக்காகப் போட்டியிடவில்லை என்பதையும் சொல்லவேண்டும். விலங்குகள் நடக்கும் ஓடைப் பள்ளங்களும் செங்குத்தான விளிம்புகளும்தான் மண்சரிவில் முதலில் இறங்குபவை. அங்கே எந்த மனிதரையும் குடியேற்றக் கூடாது. உறுதியான மேட்டு நிலத்தில், பாதைக்கும் பாடசாலைக்கும் அருகில், தேயிலை அகற்றப்பட்ட நல்ல காணிகளை மக்களுக்குக் கொடுத்துவிட்டு, ஆபத்தான பள்ளங்களைக் காட்டுக்கு விடுவதே இரு தரப்புக்கும் பொருந்தும். மிச்சம் மீதியாகிய சரிவுகளை வீடமைப்புக்கு ஒதுக்கும் வழக்கம் தொடர்ந்தால், மக்களும் அழிவார்கள், தடமும் அடைபடும். அக்கா இதைக் கேட்டுவிட்டு, "அப்ப அதையும் சேர்த்தே எழுதுங்க" என்றார்.

இரவுப் போக்குவரத்தைப் பற்றியும் பேசவேண்டும். மார்கழியில் தொடங்கி வைகாசிப் பௌர்ணமி வரை நீளும் சிவனொளிபாத யாத்திரைக் காலத்தில், ஹற்றனிலிருந்து மஸ்கெலியா வழியாக நல்லதண்ணிக்கு இரவிரவாக பஸ்களும் வேன்களும் ஓடுகின்றன. அடியார்கள் விடியலுக்கு முன் உச்சியை அடையவேண்டும் என்பதால் இரவுப் பயணத்தைத் தவிர்க்க முடியாது. அதை நிறுத்தச் சொல்லும் எண்ணமும் எனக்கில்லை. கர்நாடகத்தின் பந்திப்பூர் வனத்தில் 2009 முதல் இரவு ஒன்பது மணியிலிருந்து காலை ஆறு மணிவரை நெடுஞ்சாலையை மூடியிருக்கிறார்கள். மாற்று வழி இல்லாத எங்கள் மலையில், ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியும் அதுவே என்பதால், அப்படிச் செய்வது முறையாகாது. ஆனால் காடு வீதியைத் தொடும் குறிப்பிட்ட சில நூறு மீற்றர்களில் வேகத்தடைகள் போடலாம், மூடுபனியிலும் தெரியும் ஒளிபிரதிபலிக்கும் அறிவிப்புகளை மூன்று மொழிகளிலும் வைக்கலாம், யாத்திரை பஸ் சாரதிகளுக்குப் பருவம் தொடங்குமுன் அந்த இடங்களைக் காட்டிக் கொடுக்கலாம். வேகம் குறைந்தால் சிறுத்தை மட்டுமல்ல, விடியலில் பெரட்டுக்கு (தோட்டத்தில் வேலை பிரித்துக் கொடுக்கும் இடத்துக்கு) நடந்துபோகும் பெண்களும் பிழைப்பார்கள். வீதியோரத்தில் வீசப்படும் சோற்றுப் பொட்டலங்களை அகற்றுவதும் அவசியம். அவை நாய்களையும் பன்றிகளையும் வீதிக்கு இழுக்கின்றன, நாய்களைத் தேடிச் சிறுத்தை வருகிறது.

இவற்றை யாரிடம் கேட்பது என்ற கேள்விக்கு ஒரே விடை இல்லை என்பதே பெரிய தடையாக இருக்கிறது. பெருவீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபையிடமும், சிறு வீதிகள் மாகாணத்திடமும் பிரதேச சபைகளிடமும், தோட்டத்து உள்வீதிகள் கம்பனிகளிடமும் இருக்கின்றன. காடு வனப் பாதுகாப்புத் திணைக்களத்திடமும், விலங்கு வனசீவராசிகள் திணைக்களத்திடமும் இருக்கின்றன. தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழான 1993ஆம் ஆண்டு ஒழுங்குவிதிகள், 10 கிலோமீற்றருக்கு மேல் நீளும் நெடுஞ்சாலை நிர்மாணத்துக்குச் சுற்றாடல் மதிப்பீட்டைக் கட்டாயமாக்குகின்றன. இங்கே நூறு மீற்றர் சுவர், அங்கே ஒரு மதகு என்று நடக்கும் மலைநாட்டு வேலை அந்த அளவைத் தொடுவதேயில்லை. ஆயினும் தடங்களை அடைப்பவை இத்தகைய சிறு வேலைகளே. ஆகவே பெரிய மதிப்பீட்டுக்குக் காத்திராமல், முகட்டுக் காடும் ஓடைப் பள்ளங்களும் வீதியைத் தொடும் இடங்களை ஒரு வரைபடத்தில் குறித்து, அந்த இடங்களில் மட்டும் மதகு வைக்குமுன் வனசீவராசிகள் அலுவலர் ஒருவரின் கையொப்பம் வேண்டும் என்று மாவட்டச் செயலக மட்டத்தில் ஒரு நடைமுறையை ஏற்படுத்தலாம். வரைபடத்தைத் தயாரிக்கப் புதிதாகத் தொடங்கவேண்டியதும் இல்லை: காசல்ரீ, பொகவந்தலாவைப் பகுதித் தோட்டங்களில் தானியங்கிக் கமராக்கள் வைத்துச் சிறுத்தைகளை ஆராய்ந்துவரும் வைல்டர்னஸ் அண்ட் வைல்ட்லைஃப் கன்சர்வேஷன் டிரஸ்ட் போன்றவர்களிடம் பல ஆண்டுப் பதிவுகள் இருக்கின்றன. அந்தப் பதிவுகளோடு, எந்த மதகடியில் சிறுத்தையின் காற்தடம் கிடக்கும், எந்த வளைவில் மரை இறங்கும் என்று நாள்தோறும் மலையேறும் தொழிலாளர்கள் அறிந்து வைத்திருப்பதையும் சேர்த்தால், பெரும் பகுதி நிரம்பிவிடும்.

எங்கள் பிரதேச சபை உறுப்பினரிடம் கொடுப்பதற்காக, என் ஊருக்கு மேலும் கீழும் உள்ள மதகுகளில் எவை ஓடைக் காட்டோடு தொடுகின்றன, எவற்றுக்கு இன்னும் கொங்கிறீற் ஊற்றப்படவில்லை என்பதை எழுதிவைத்திருக்கிறேன். மற்ற ஊர்களில் இருப்பவர்களும் இதையே செய்யலாம்: மதகின் இடம், இப்போதைய அகலம், மேலே காடு எவ்வளவு தூரம், கீழே வீடுகள் எவ்வளவு தூரம், டிட்வாவில் அது அடைபட்டதா இல்லையா என்ற விபரங்கள் போதும். கடைசிக் கேள்விக்கான பதில்தான் பொறியியலாளர்களை முதலில் அசைக்கும். ஆகவே அதைத் தாளின் உச்சியில் எழுதுங்கள்.